கையெழுத்துப் போடலாமா? வில்வேட்டைக் கருவிகளும் சட்டமும்

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். சில வருடங்களாக வில்லால் மான் வேட்டையாடுகிறேன். எங்கள் வில்வேட்டைக் குழுவில் இப்போது இரண்டு கட்சி. ஒரு கட்சி மாநில வேட்டை ஆணையத்துக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறது. குறுக்குவில்லை (துப்பாக்கி மாதிரி விசையைத் தட்டி எய்யும் வில்) வில் பருவத்திலிருந்து, அதாவது வில்லுக்கென ஒதுக்கிய வேட்டைக் காலத்திலிருந்து, நீக்க வேண்டும், உடம்பில் பட்டதும் விரியும் அம்புமுனைகளைத் தடை செய்ய வேண்டும், வில்லில் மின்னணுச் சாதனம் எதுவும் இருக்கக் கூடாது, குறைந்தபட்ச இழுவிசையை (வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை) 35 பவுண்டிலிருந்து 45 பவுண்டாக உயர்த்த வேண்டும் என்று அதில் நான்கு கோரிக்கைகள். இன்னொரு கட்சி, "என் வில், என் காசு, எதை வைத்து வேட்டையாடுவது என்பது என் இஷ்டம்" என்கிறது. என் மனைவி போன வருடம்தான் பழக ஆரம்பித்தார். 40 பவுண்டுக்கு மேல் அவரால் இழுக்க முடியாது. மாமனாருக்குத் தோள்பட்டைக் கோளாறு, அதனால் குறுக்குவில்தான். மனுவில் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக இன்னொரு கட்சி சொல்வது சரி என்று ஆகிவிடாது. மனுவில் நான்கு விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார்கள். நான்கும் நான்கு ரகம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வில் பழுதுபார்ப்பதும், அம்பு தயாரித்துக் கொடுப்பதும், புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும்தான் என் பிழைப்பு. எந்தச் சாதனத்துக்கும் தடையில்லை என்றால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் லாபம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

"என் இஷ்டம்" என்கிறவர்களிடமிருந்து தொடங்குவோம். இலக்குப் பலகையில் எய்கிற வரைக்கும் அது முழுக்க உங்கள் இஷ்டம்தான். காட்டுக்குள் கால் வைத்ததும் கணக்கு மாறுகிறது. அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு மான் யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. மக்கள் சார்பில் மாநிலம் அதைப் பொறுப்பேற்றுக் காக்கிறது. வில் பருவம் என்பதே அந்த மாநிலம் கொடுக்கிற ஒரு சலுகை. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் பருவத்தை ஒதுக்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அந்த வழியில் வந்தன. துப்பாக்கிக்குக் கொஞ்ச நாள், வில்லுக்குப் பல வாரம் என்று ஒதுக்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: வில்லால் மானை வீழ்த்துவது கஷ்டம், அதனால் எத்தனை பேர் போனாலும் மான் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. ஆக, வில் என்றால் எது என்று சொல்கிற உரிமை மாநிலத்துக்கு இருந்தே ஆக வேண்டும்.

சந்தேகமிருந்தால் உங்கள் குழுவில் அந்தக் கட்சியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அழுத்தக் காற்றால் அம்பை உமிழும் துப்பாக்கி சந்தையில் இருக்கிறது. நாண் இல்லை, இழுப்பு இல்லை, விசையைத் தட்டினால் அம்பு பறக்கும். அதையும் வில் பருவத்தில் விடலாமா? மருந்து தடவிய அம்பு? வெடிக்கும் முனை? இதற்கெல்லாம் சரி என்று சொல்கிறவர்கள் அபூர்வம். எல்லாரும் எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு எங்கே என்பதில்தான் சண்டை.

இனி மனு எழுதியவர்கள் பக்கம். அவர்கள் பேச்சில் "பாரம்பரியம்" நிறைய வந்திருக்குமே? அவர்கள் கையில் இருக்கும் வில்லைக் கொஞ்சம் பாருங்கள். பத்துக்கு ஒன்பது, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லாகத்தான் இருக்கும். மிசோரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் அதற்கு 1969-ல் காப்புரிமை வாங்கினார். அது வேட்டைக்கு வந்தபோது, "இதெல்லாம் வில்லே இல்லை" என்று இதே மாதிரி சண்டை நடந்தது. இன்றைய 70 பவுண்டு காம்பவுண்டை முழுசாக இழுத்த பிறகு, 80 சதவீதம் சுமை குறைந்து, விரலில் நிற்பது 14 பவுண்டுதான். வெறும் மர வில்லில் இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும், மான் திரும்புகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அந்தக் கஷ்டத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், அடுத்தவர் விடுகிற கஷ்டத்தைப் பற்றி மனு எழுதுகிறார்கள்.

பாரம்பரியத்தைக் காப்பாற்ற ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. வில்லால் வீழ்த்திய விலங்குகளின் சாதனைப் பதிவேட்டைப் பராமரிக்கும் போப் அண்ட் யங் கிளப், 65 சதவீதத்துக்கு மேல் சுமை குறையும் வில்லை நீண்ட காலம் ஏற்கவில்லை. பிறகு ஏற்றுக்கொண்டபோதும், அந்தப் பதிவுகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டது. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வைத்துக்கொள்ளும் விதி அது. மாநிலச் சட்டம் அபராதத்தோடு வருகிறது. அழகியல் ரசனைக்காக ஒருவரிடம் அபராதம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அப்படியானால் சட்டம் எதில்தான் தலையிடலாம்? என் கணக்கில் இரண்டே இடம். ஒன்று, அம்பு பட்ட விலங்கு சீக்கிரம் சாக வேண்டும். இரண்டு, மற்ற வேட்டைக்காரர்களின் பங்கில் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் தொடாத எதுவும் அவரவர் விருப்பம்.

முதலில் இழுவிசை. உங்கள் மனைவிக்கு இதுதான் முக்கியம். அம்பு குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை, வெட்டிக் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்தால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். அதற்கு ஊடுருவும் சக்தி வேண்டும் என்பதால் குறைந்தபட்ச விதி இருப்பது நியாயம். ஆனால் பவுண்டுக் கணக்கு ரொம்பவே முரட்டு அளவுகோல். அம்பின் சக்தியை நிர்ணயிப்பதில் இழுக்கும் நீளம், வில்லின் வகை, அம்பின் எடை எல்லாம் சேரும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிரெய்ன் என்ற சின்ன எடை அலகில் அம்பின் எடை, நொடிக்கு இத்தனை அடி என்று வேகம். வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் சக்தி வரும். உங்கள் மனைவியின் 40 பவுண்டு காம்பவுண்டிலிருந்து 400 கிரெய்ன் அம்பு நொடிக்கு 185 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வையுங்கள். சுமார் 30 அடி-பவுண்டு. மானுக்கு 25-லிருந்து 40 வரை போதும் என்பதுதான் அம்பு தயாரிப்பாளர்களும் பயிற்சியாளர்களும் காலகாலமாகப் பயன்படுத்தும் அட்டவணை. இப்போது 45 பவுண்டு பழைய பாணி ரிகர்வ் வில்லை (கப்பி இல்லாமல், முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) எடுங்கள். 450 கிரெய்ன் அம்பை 168 அடி வேகத்தில் அது அனுப்பினால் சுமார் 28 அடி-பவுண்டுதான். அதாவது மனு கேட்கிற 45 பவுண்டு விதி, சக்தி குறைந்த வில்லை உள்ளே விட்டு, கூடுதல் சக்தி உள்ள வில்லை வெளியே நிறுத்தும். வெளியே நிற்கப்போவது யார்? பெண்கள், பதின்வயதினர், வயசானவர்கள். ஓரிகன் மாதிரி சில மாநிலங்கள் மானுக்கு 40, எல்க் என்ற பெரிய மானினத்துக்கு 50 என்று விலங்கின் உடம்பைப் பார்த்து வைத்திருக்கின்றன. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் 35-ஐ வெள்ளைவால் மானுக்காக 45 ஆக்குவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அம்புமுனை. இதில்தான் வேட்டைக்காரர்கள் இரவு முழுக்கச் சண்டை போடுவார்கள். நிலையான கத்தி உள்ள முனை ஒரு வகை. பறக்கும்போது மடிந்திருந்து, உடம்பில் பட்டதும் விரிவது இன்னொரு வகை. ஐடஹோ, ஓரிகன் போன்ற மேற்கு மாநிலங்கள் விரியும் முனைகளை நீண்டகாலம் தடை செய்து வைத்திருந்தன. விரிவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகிறது, பெரிய எலும்பில் பட்டால் ஊடுருவாது, எல்க் மாதிரி கனத்த விலங்கு காயத்தோடு ஓடிவிடும் என்பது அவர்கள் வாதம். எல்க் விஷயத்தில் அந்தக் கவலை அர்த்தமுள்ளதுதான்.

ஆனால் மான் விஷயத்தில் கையில் இருக்கும் தகவல் வேறு மாதிரி பேசுகிறது. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற இடத்தில் ஒரு கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே 1989-லிருந்து பல வருடங்கள், அம்பு பட்ட ஒவ்வொரு மானுக்கும் கணக்கு வைத்தார்கள். அம்பு பட்டும் கைக்குக் கிடைக்காமல் போன மான்கள் சுமார் 18 சதவீதம். விரியும் முனை பயன்படுத்தியவர்கள், நிலையான முனைக்காரர்களைவிடக் கூடுதல் விகிதத்தில் மானைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். அகலமான வெட்டு, நிறைய ரத்தம், தெளிவான தடம் என்பது காரணமாக இருக்கலாம். உடனே கடைக்கு ஓடிவிடாதீர்கள். அங்கே வேட்டையாடியவர்கள் குறிபார்க்கும் தேர்வில் தேறிய பிறகே உள்ளே போனவர்கள்; பெரும்பாலும் வலுவான வில் வைத்திருந்தவர்கள். தடைக்கு ஆதாரம் இல்லை என்றுதான் இதிலிருந்து சொல்லலாம், எல்லாருக்கும் அதுவே நல்லது என்று சொல்ல முடியாது. 65 பவுண்டு வில்லோடு நீங்கள் விரியும் முனையைப் போடுங்கள், தாராளமாக. உங்கள் மனைவி போடக் கூடாது. சட்டம் கேட்பது குறைந்தது அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அகல வெட்டு; அது இரண்டு கத்தி உள்ள நிலையான முனையிலேயே கிடைத்துவிடும்.

எந்த முனையானாலும் கூர்மைதான் உயிர். சட்டம் இதைச் சோதிப்பதே இல்லை. ஒரு ரப்பர் பேண்டை இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பிடித்து, முனையின் கத்தியை அதன்மேல் மெல்லச் சாயுங்கள். அழுத்தாமலே பட்டென்று அறுந்தால் சரி. ரப்பர் வளைந்து கத்தியின் மேல் சறுக்கினால், ரத்தக் குழாயும் அப்படித்தான் வளைந்து ஒதுங்கும். புது டப்பாவைப் பிரித்து எடுக்கும் முனைகளே இந்தச் சோதனையில் தோற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

மின்னணுச் சாதனங்களை மனு மொத்தமாக ஒரே பையில் போட்டிருக்கிறது. ஒளிரும் வால் உள்ள அம்பு குறிபார்க்க உதவாது. நாணை விட்ட பிறகுதான் அது எரியும். அம்பு எங்கே பட்டது என்று தெரியும், புல்லுக்குள் விழுந்த அம்பைத் தேடி எடுக்கலாம். தேடி எடுத்த அம்பு ஒரு மருத்துவ அறிக்கை மாதிரி: தண்டில் இளஞ்சிவப்பு நுரை இருந்தால் நுரையீரல், கொஞ்ச நேரத்தில் மானைத் தொடரலாம், பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் குடல், பல மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவசரப்பட்டுத் துரத்தினால் மான் எங்கோ போய்ச் செத்து வீணாகிவிடும். இவ்வளவு கறாரான போப் அண்ட் யங் கிளப்பே 2014-ல் ஒளிரும் வாலை ஏற்றுக்கொண்டது. இதைத் தடைசெய்யச் சொல்வது எனக்கு விளங்கவே இல்லை.

தூரத்தை அளந்து, எங்கே குறிவைப்பது என்று தானே புள்ளி காட்டும் சைட் (வில்லில் மாட்டும் குறிபார்க்கும் கருவி) வேறு கதை. தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டு மானைக் காயப்படுத்துவது நிறைய நடக்கிறது. அதை இது குறைக்கும். இன்னொரு பக்கம், 60 கஜத்திலும் புள்ளி தெரிகிறதே என்று கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்புதான் ஆபத்து. 40 கஜம் என்றால் 120 அடி. நொடிக்கு 270 அடி போகும் அம்புக்கு 0.44 நொடி ஆகும். நாண் அதிரும் சத்தம் நொடிக்குச் சுமார் 1,100 அடி போவதால், 0.11 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். மிச்சம் 0.33 நொடி. திடுக்கிட்ட மான் பாய்வதற்கு முன்னால் காலை மடித்து உடம்பைத் தாழ்த்தும். கீழே விழும் எந்தப் பொருளும் 0.2 நொடியில் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் இறங்கும். மானின் நுரையீரல் பகுதியே அவ்வளவு உயரம்தான். நடுவில் வைத்த குறி முதுகுச் சதையில் போய் ஏறும், அல்லது மேலே காற்றில் போகும். 20 கஜத்தில் மிச்சமிருப்பது 0.17 நொடி மட்டுமே. அந்தச் சைட் தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும், மான் அடுத்து என்ன செய்யும் என்று சொல்லாது.

இதனால் அதைத் தடை செய்ய வேண்டுமா? நான் மாட்டேன். கையில் பிடித்துத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை அனுமதித்துவிட்டு, அதையே வில்லில் மாட்டினால் குற்றம் என்பது எனக்கு ஒட்டவில்லை. மேற்கே சில மாநிலங்கள் வில்லில் மின்னணு எதுவும் கூடாது என்று வைத்திருந்ததற்கு, அங்கே திறந்தவெளி அதிகம், தூரத்து எய்தலுக்கு ஆசை அதிகம் என்ற காரணத்தைச் சொல்லலாம். மரமடர்ந்த பென்சில்வேனியாவில் பரணிலிருந்து 40 கஜம் தெளிவாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

கடைசியாகக் குறுக்குவில். இதில் விலங்கின் வலி ஒரு பிரச்சினையே இல்லை. அதே இந்தியன் ஹெட் கணக்கில் குறுக்குவில்லுக்கும் காம்பவுண்டுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் தெரியவில்லை. இது பங்குப் பிரச்சினை. முன்கூட்டியே நாணேற்றி வைத்துக்கொள்ளலாம், பழகச் சில நாட்கள் போதும், அதனால் வேட்டைக்கு வருகிறவர்களும் கூடுவார்கள், விழும் மான்களும் கூடும். ஓரிகன் வேட்டையில் குறுக்குவில்லுக்கு இடமே கொடுத்ததில்லை. எல்க் மாதிரி எண்ணி அனுமதி கொடுக்கும் விலங்கு இருக்கும் இடத்தில் வெற்றி விகிதம் ஏறினால், அனுமதியையோ பருவத்தையோ குறைக்க வேண்டிவரும். ஒஹையோவில் பல பத்தாண்டுகளாகக் குறுக்குவில் உண்டு. இன்று அங்கே அம்பால் விழும் மான்களில் பெரும்பகுதி அதனால்தான். வில் பருவம் ஒன்றும் மூடிப்போகவில்லை. உங்கள் மாநிலம் 2009-ல் குறுக்குவில்லை வில் பருவத்துக்குள் எல்லாருக்கும் திறந்துவிட்டது. புறநகர்களில் மான் பெருகி, தோட்டத்தையும் காரையும் நாசம் செய்யும் இடத்தில், துப்பாக்கி வெடிக்க முடியாத நிலத்தில், கூடுதலாக மான் விழுவது ஆணையத்துக்கு வேண்டியதுதான். ஒரே கருவிக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு பதில், இரண்டுமே சரி. எண்ணிக்கை தெரிந்த உயிரியலாளர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. உங்கள் குழுவின் ரோஷம் முடிவு செய்யக் கூடாது.

மனுவில் இல்லாத ஒன்றை நான் கேட்பேன். நியூயார்க், மொன்டானா போன்ற மாநிலங்களில் வில்வேட்டைக்கென்று தனி வகுப்பு கட்டாயம். டென்மார்க்கில் எய்து காட்டித் தேறினால்தான் வில்லோடு வேட்டைக்குப் போகலாம். இங்கிலாந்தில் 1981 சட்டப்படி காட்டு விலங்கை வில்லால் கொல்வதே குற்றம். மானை அதிகம் காயப்படுத்துவது தூரம் தெரியாத ஆசையும் பழகாத கையும்தான், கருவி அதற்குப் பிறகுதான். 20 கஜத்தில் ஒரு தட்டளவு வட்டத்துக்குள் அம்பைத் தொடர்ந்து போடத் தெரியாதவர் 70 பவுண்டு வில்லோடு காட்டுக்குப் போகலாம், நன்றாகப் போடத் தெரிந்த உங்கள் மனைவி 40 பவுண்டோடு போகக் கூடாது என்றால் அது என்ன விதி?

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. மனுவில் கையெழுத்துப் போடாமல், ஆணையத்துக்குத் தனியாக உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். பென்சில்வேனியாவில் ஒரு விதியை முதலில் தற்காலிகமாக ஓட்டுக்கு விட்டு, பிறகு இன்னொரு கூட்டத்தில் இறுதியாக ஓட்டுக்கு விடுவார்கள். நடுவில் இருக்கும் இடைவெளியில் வரும் கருத்துகளுக்கு மதிப்பு உண்டு. 45 பவுண்டுக் கோரிக்கை வந்தால் மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதுங்கள். உங்கள் வீட்டு வில்களின் எடை, வேகம், எண்களோடு. வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வில் கடைகளில் இருக்கும், கேட்டால் அளந்து தருவார்கள். "என் இஷ்டம்" என்ற வார்த்தையை மட்டும் கடிதத்தில் எழுதாதீர்கள், ஆணையர்கள் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

குழுவில் இதனால் மனஸ்தாபம் வரும் என்று பயந்தால், நான்கு கோரிக்கைகளையும் தனித்தனியாக ஓட்டுக்கு விடச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கி அம்பு வேண்டாம் என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் இரண்டு கட்சியும் கையெழுத்துப் போட வாய்ப்பு இருக்கிறது.

மனைவிக்கு: 400 கிரெய்னுக்குக் குறையாத அம்பு, இரண்டு கத்தி நிலையான முனை, பக்கவாட்டில் நிற்கும் மான் மட்டும், 20 கஜத்துக்குள். தோள் எலும்பு மறைக்கும் கோணத்தில் நின்றால் நாணைத் தளர்த்திவிடட்டும். ஒரு பருவம் இப்படிப் போன பிறகு, வேண்டுமானால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

மாமனாருக்கு: சட்டப்படி குறுக்குவில்லின் இழுவிசை 125 பவுண்டாவது இருக்க வேண்டும், கடையில் விற்பவை அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும், அதில் கவலை வேண்டாம். நொடிக்கு 400 அடி என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து 70 கஜத்துக்கு ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சத்தத்தின் கணக்கு அங்கேயும் அதேதான். பரணுக்கு ஏறும்போது அம்பு பூட்டிய வில்லைக் கையில் எடுத்துப் போகக் கூடாது. கீழே வைத்து, அம்பைக் கழற்றி, கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளட்டும். முக்கியமாக, முன்கைப் பிடியில் கட்டைவிரல் நாண் ஓடும் பள்ளத்துக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. குறுக்குவில்லால் வரும் விரல் காயங்களில் நிறைய இப்படி வருபவைதான். விரல் தடுப்பு உள்ள மாடல்கள் இருக்கின்றன. பழைய வில்லாக இருந்தால் பக்கத்துக் கடையில் தடுப்பு பொருத்த முடியுமா என்று காட்டிக் கேளுங்கள்.